உப்பு தின்ற வண்டி

எங்கள் லாரியில் கிளட்ச் பெடலுக்கு இடப்பக்கம், டிரைவர் கால் வைக்கிற சரிவுத் தகட்டில், ஒரு ஓட்டை இருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அது எட்டணாக் காசு அளவு. முழுப்பரீட்சை லீவில் அப்பாவோடு தூத்துக்குடிக்குப் போகும்போதெல்லாம் சீட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அந்த ஓட்டை வழியாகச் சாலை ஓடுவதைப் பார்ப்பேன். தார் ரோடு கறுப்பாக ஓடும். செம்மண் வந்தால் சிவப்பாகும். பரமத்தி வேலூர்க் காவிரிப் பாலத்தின் மேல் போகும்போது ஆறு தெரியும் என்று கண்ணை வைத்துக் காத்திருப்பேன். பாலத்தின் காங்கிரீட்தான் தெரியும். "கண்ணுல மண்ணு அடிக்கும், எந்திரிடா" என்று அப்பா அதட்டுவார். நான் எட்டாவது போனபோது ஓட்டை உள்ளங்கை அளவாகிவிட்டது. அப்பா ஒரு சாக்கை நாலாக மடித்து அதன்மேல் போட்டார். என் சினிமா அதோடு முடிந்தது.

வண்டி 1968ஆம் வருடத்து டாடா மெர்சிடிஸ் பென்ஸ் 1210. ஊரில் யாரும் டாடா என்று சொன்னதில்லை, பென்ஸ் லாரிதான். டெல்கோ கம்பெனி ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு 1954இல் கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. பதினைந்து வருட ஒப்பந்தம் 1969இல் முடிய, முகப்பில் இருந்த மூன்று முனை நட்சத்திரம் போய் ‘டி’ என்ற எழுத்து வந்தது. எங்கள் வண்டி நட்சத்திரக் கணக்கில் கடைசிப் பந்தியில் சாப்பிட்ட வண்டி. அந்த நட்சத்திரத்தை அம்மா குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்ப்பாள். அது பித்தளை இல்லை என்று அப்பா எத்தனை முறை சொல்லியும் அவள் நம்பவில்லை.

சங்ககிரிப் பக்கம் மேட்டுக்காட்டை விற்று லாரி வாங்கியவர்கள் அன்றைக்கு ஏராளம். வானம் பொய்த்தால் காடு பொய்க்கும், சக்கரம் பொய்க்காது என்பது அவர்கள் போட்ட கணக்கு. அப்பாவும் மூன்று ஏக்கரை விற்றார். அந்தக் காலத்து லாரி கம்பெனியிலிருந்து முழு உருவமாக வராது. சேஸ், எஞ்சின், பானட், முன் மட்கார்டு, அப்புறம் கவுல், அவ்வளவுதான் வரும். அதைத் திறந்த வாக்கில் ஓட்டிக்கொண்டு வருவதற்கென்றே டிரைவர்கள் இருந்தார்கள். கூரை கிடையாது, கதவு கிடையாது. தலையில் துண்டைச் சுற்றி, கண்ணுக்கு ஒரு கண்ணாடி மாட்டி, ஜாம்ஷெட்பூரிலிருந்து வெயிலிலும் தூசியிலும் ஓட்டிக்கொண்டு வருவார்கள். மற்றதை நம் ஊர்ப் பட்டறையில் ஆசாரிகள் மரத்தில் கட்டுவார்கள். கேபினும் மரம், பாடியும் மரம்.

இதை விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மரம் போனால் மரம் வைத்துக்கொள்ளலாம். கவுல் அப்படி இல்லை. பானட்டுக்குப் பின்னால், முன்கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டையும் ஸ்டியரிங் தண்டையும் பெடல்களையும் தாங்கிக்கொண்டு நிற்கிற இரும்பு முகப்புக்குப் பட்டறையில் கவுல் என்று பெயர். கம்பெனி அச்சில் அடித்து வந்தது. அதில் உள்ள வளைவுகளை ஒரு சுத்தியலும் ஒரு மரக்கட்டையும் வைத்துக்கொண்டு யாரும் கொண்டுவந்துவிட முடியாது. எங்கள் வண்டியில் போனது அதுதான்.

போகாமல் என்ன செய்யும்? இருபத்தாறு வருடத்தில் அந்த வண்டி சுமந்ததில் பெரும்பங்கு உப்பு. சங்ககிரியிலிருந்து கிடைத்த லோடை ஏற்றிக்கொண்டு தெற்கே போவது, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி, அங்கே உப்பு ஏற்றிக்கொண்டு திரும்புவது. ஒரு வழிக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். 1210 என்றால் வண்டியும் பாரமும் சேர்த்து மொத்தம் 12 டன், சுமார் 100 குதிரைத்திறன் என்று அர்த்தம். ஏழெட்டு டன் ஏற்றலாம். அப்பா எவ்வளவு ஏற்றினார் என்பதை, அவர் இப்போது இல்லாத தைரியத்தில்கூட, நான் எழுதப் போவதில்லை.

உப்பளத்தில் அம்பாரத்திலிருந்து பெண்கள் கூடை கூடையாக அள்ளிக் கொட்டுவார்கள். உப்பு உலர்ந்தது போலத்தான் தெரியும். ஏற்றி ஒரு மணி நேரம் ஓடினால் பாடியின் அடிப்பலகை வழியே நீர் சொட்டத் தொடங்கும். காய்ச்சி எடுக்காத உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். காற்றில் இருக்கிற ஈரத்தை முதலில் இழுப்பது அதுதான். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதும் அதனால்தான். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்று நம் ஆட்கள் சொல்வதை நான் பாலிடெக்னிக்கில் துருப் பாடம் நடத்தும்போது பலகையில் எழுதிவிட்டுத்தான் சமன்பாட்டுக்குப் போவேன். தகட்டின் மேல் படிந்த உப்பு ஊரிலுள்ள ஈரத்தையெல்லாம் அழைத்து வந்து இரும்பின் மடியில் உட்கார வைக்கும். அந்த இடத்தில் இரும்பு தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், லாரி ஓடினாலும், நின்றாலும், தூங்கினாலும்.

அப்பாவுக்குச் சமன்பாடு தெரியாது, விஷயம் தெரியும். திரும்பி வரும்போது வேலூரில் காவிரிக்கரையில் நிறுத்தி, டிரைவர் அண்ணனும் கிளீனரும் அவருமாக வாளி வாளியாக நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். வெளியே தெரிகிற இடமெல்லாம் சுத்தமாகும். ஆனால் கவுலில் இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வெல்டு வைத்த மடிப்புகள் இருக்கின்றன. உப்புத் தண்ணீர் அந்த மடிப்புக்குள் தானாக ஏறும், திரியில் எண்ணெய் ஏறுவது போல. வாளித் தண்ணீர் அங்கே போகாது. போனாலும் வெளியே வராது.

1994இல் வண்டியை நிறுத்தினோம். வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகையில் நின்றது. அப்பா இருந்தவரை தினமும் சாயங்காலம் போய் டயரைக் கையால் தட்டிவிட்டு வருவார். 2009இல் அவர் போனபிறகு அதுவும் இல்லை. வந்து கேட்ட இரும்புக்காரர்களுக்கு அம்மா கையை விரித்துக்காட்டி அனுப்பிவிடுவாள். 2015இல்தான் எனக்கு அதை மறுபடி ஓட விட வேண்டும் என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று மனைவி இன்றுவரை கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை.

எஞ்சின் அதிகம் மிரட்டவில்லை. பம்பையும் நாசிலையும் சரிசெய்து, ஹெட்டைக் கழற்றிப் பார்த்ததோடு வழிக்கு வந்தது. சேஸின் இரும்பு கனமானது, மேலே செதில் செதிலாக உரிந்தாலும் உள்ளே கட்டியாக இருந்தது. கவுலுக்கு வந்தபோது டிங்கர் மேஸ்திரி ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துத் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு ணங் என்று பேசும். எங்களுடையது சொத் சொத் என்றது. பிறகு ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்து, பேனாவால் எழுதுவது போல லேசாகத்தான் வைத்தார். உள்ளே போய்விட்டது. பெயின்ட் மட்டும்தான் கவுல் மாதிரி நின்றுகொண்டிருந்தது. மடிப்புகளெல்லாம் உப்பிக் கிடந்தன. துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மூன்று மடங்காவது இடம் கேட்கும். அந்த நெருக்கலில் வெல்டே பிளந்துகொள்ளும். உப்பு தின்றதை உப்பியது என்று சொல்ல வாய்த்த மொழி நம்முடையது.

"இதுல ஒட்டுப் போட முடியாதுங்க. ஒட்டுறதுக்கு ஒரு கரை வேணுமில்லீங்களா?" என்றார் மேஸ்திரி. 16 கேஜ் தகட்டில் அச்சு அசலாகப் புதிதாக அடித்துத் தருவதாகவும் சொன்னார். அவர் ஏற்கெனவே அப்படி அடித்துக் கொடுத்த ஒன்றைப் போய்ப் பார்த்தேன். வேலை சுத்தம். ஆனால் அதில் முகம் இல்லை. கண்ணாடிக்குக் கீழே ஓடுகிற அந்த மெல்லிய புடைப்பு, பானட் வந்து உட்காருகிற தோள்வளைவு, எதுவும் இல்லாமல் பீரோவின் பக்கவாட்டு மாதிரி இருந்தது. பாட்டியின் படத்தைப் பார்த்து யாரோ வரைந்த படம் போல. துருப்பிடிக்காத அசல் கவுல் ஒன்று கிடைத்தால்தான் ஆச்சு என்று முடிவு செய்தேன். மேஸ்திரி சிரித்தார். நான் எவ்வளவு அலையப் போகிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பழைய சாமான் என்றால் முதலில் போவது காயலான் கடை. காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்த பெயர் என்பார்கள். நான் போன முதல் இடம் கோயம்புத்தூர் உக்கடம். அங்கே பென்ஸ் கியர்பாக்ஸ் கிடைத்தது, ஹவுசிங் கிடைத்தது, ஒரே மாதிரி ஏழு ஸ்டியரிங் வீல் ஆணியில் தொங்கின. கவுல் இல்லை. காரணம் எளியது. கண்டம் பண்ணின வண்டியைப் பிரிக்கும்போது கனமான இரும்பைத் தனியாக வைத்து விலை பேசுவார்கள். மெல்லிய தகட்டை மடக்கி நசுக்கி உருக்காலைக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு வேண்டியது எதுவோ அதுதான் முதலில் நசுங்கும்.

சென்னை புதுப்பேட்டைக்கு இரண்டு முறை போனேன். அங்கே ஒரு சந்துக்குள் கார் பாகங்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்தால் பழைய புத்தகக் கடை போலிருக்கும். முதுகைப் பார்த்தே அவர்கள் எந்த வருடத்து எது என்று சொல்லிவிடுவார்கள். "இன்னா சார், மூக்கு பென்ஸா? அதெல்லாம் உருகி, கம்பியாகி, உங்க வூட்டு கூரைல கீது சார்" என்றார் ஒருவர். வேடிக்கைக்குத்தான் சொன்னார். எங்கள் வீட்டு மாடியறை 1998இல் கட்டியது. அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது அதை நினைத்துக்கொண்டே வந்தேன்.

பிறகு ஒரு ஏமாற்றம். ஒரு நகரத்தில், பெயர் வேண்டாம், ஒருவர் "துரு ஒரு பொட்டு இல்லை" என்று போனில் சொல்லி, படமும் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். பளபளவென்று பச்சைப் பெயின்ட் அடித்த கவுல். தட்டினேன், ணங் என்றும் இல்லை, சொத் என்றும் இல்லை, மண்பானை மாதிரி ஒரு சத்தம். அது என்ன சத்தம் என்று யோசிக்க எனக்குப் பொறுமை இல்லை. கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் காதை அடைத்துவிட்டது. பதினெட்டாயிரம் கொடுத்து ஏற்றிக்கொண்டு வந்தேன். மேஸ்திரி சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து அதன்மேல் வைத்தார். விழுந்தது. நாலு விரல் தள்ளி வைத்தார். அங்கேயும் விழுந்தது. உரசிப் பார்த்தால் அரை விரல் கனத்துக்குப் பட்டி. சில இடங்களில் பட்டிக்கு அடியில் தகடே இல்லை. பழைய கோணிச்சாக்கைத் திணித்து அதன்மேல் பட்டி அப்பியிருந்தார்கள். முப்பது வருடம் உலோகவியல் நடத்தியவன் நான். மாணவர்கள் யாரும் பக்கத்தில் இல்லையே என்றிருந்தது. அன்று முதல் ஒலிபெருக்கியிலிருந்து பிடுங்கிய ஒரு காந்தம் என் வண்டிச் சாவியோடு தொங்குகிறது.

ராஜஸ்தானில் தேடலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். பாலைவனக் காற்றில் ஈரம் இல்லை, ஜெய்சல்மேர்ப் பக்கம் நாற்பது வருடம் வெட்டவெளியில் நின்ற வண்டியும் வற்றல் போலக் காய்ந்து கெடாமல் இருக்கும் என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் பார்க்காமல் வாங்கக் கூடாது என்ற பாடம் அப்போதுதான் பதினெட்டாயிரம் செலவில் முடிந்திருந்தது.

விடை கிடைத்த இடம் தூத்துக்குடி. அங்கே தேடியது என் முட்டாள்தனம். கடற்காற்றில் துருப்பிடிக்காத தகடு தேடுவது அடுப்பில் வெண்ணெய் தேடுவது போல. வேறு வேலையாகப் போனவன், அப்பா வழக்கமாக லோடு எடுத்த பக்கத்தில் ஒரு பழைய லாரி ஆபீஸைப் பார்த்து உள்ளே நுழைந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர் கதையெல்லாம் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அண்ணாச்சி, உப்பு வண்டிக்கு மாத்துச் சாமானை உப்பூர்லயா தேடுதிய? எண்ணெ ஏத்துன வண்டியாப் பாத்துத் தேடுங்க. எண்ணெ வண்டி சாவாது."

இவ்வளவுதான் சொன்னார். காபி வாங்கிக் கொடுத்தார். எனக்குக் காபி இறங்கவில்லை. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? வண்டி எந்த ஊரில் ஓடியது, எத்தனை வருடம் ஓடியது என்றே இத்தனை மாதம் விசாரித்துக்கொண்டிருந்தேன். எதைச் சுமந்தது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

எண்ணெய் என்றால் எங்கள் பக்கத்தில் காங்கயம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கிற வறண்ட சீமை. கொப்பரை உலர்த்த அதைவிட நல்ல வெயில் கிடைக்காது. எண்ணெய் மில்கள் வரிசையாக இருக்கும். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று சொல்லி வைத்து, மூன்றாவது மாதம் ஒரு தகவல் வந்தது. காங்கயத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் மூடிப்போன ஒரு மில், உள்ளே ஓட்டுக் கொட்டகையில் ஒரு மூக்கு லாரி.

வண்டி 1971 மாடல். நட்சத்திரம் இல்லை, ‘டி’ எழுத்து. ஒப்பந்தம் முடிந்த பிறகும் டெல்கோ அதே உருவத்தில்தான் பல வருடம் லாரி செய்தது. எழுத்துத்தான் மாறியது, தகடு மாறவில்லை. முதலில் கடலையெண்ணெய், பிறகு தேங்காயெண்ணெய், டின் டின்னாக ஏற்றியிருக்கிறார்கள். டின் ஒழுகாத எண்ணெய் லாரி உலகத்தில் இல்லை. ஏற்றுகிறவர்கள் கை, ஓட்டுகிறவர் கை, துடைக்கிற துணி எல்லாவற்றிலும் எண்ணெய். அதன்மேல் தூசி, தூசியின் மேல் மறுபடி எண்ணெய். கவுல் முழுவதும் அடை அடையாகக் கறுப்புப் பிசுக்கு, விரல் கனத்துக்கு. நான் போனது மார்கழிக் காலை. பனிக்கு உறைந்து மெழுகு போல இருந்தது. தேங்காயெண்ணெய் உறைய 24 டிகிரி போதுமே. கீழே கிடந்த ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துச் சுரண்டினேன். சுருள் சுருளாக வந்தது. அடியில் கம்பெனிப் பெயின்ட். ஜாம்ஷெட்பூரில் அடித்தது, அப்படியே. காந்தத்தை வைத்தேன். கையைப் பிடுங்கிக்கொண்டு போய் ஒட்டியது. தட்டினேன்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. கொட்டகைக்குள் இருந்த கோழிகள் திரும்பிப் பார்த்தன.

மில்லுக்குச் சொந்தக்காரர் எண்பது வயதை ஒட்டிய ஒரு ஆத்தா. திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். விற்பதில் அவருக்குத் தடையில்லை, ஆத்தாவைக் கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். முழு லாரியையும் வாங்க எனக்கு வசதியில்லை, நிறுத்த இடமும் இல்லை. முகப்பை மட்டும் கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"மொகத்த மட்டும் அறுத்துட்டுப் போயிட்டா, மிச்சத்த நான் எப்படிக் கண்ணு பார்த்துட்டு இருக்கறது?" என்றார் ஆத்தா. கோபமாகச் சொல்லவில்லை. மொச்சைத் தோலை முறத்திலிருந்து தள்ளிக்கொண்டே சொன்னார். அவர் வீட்டுக்காரர் ஓட்டிய வண்டி. வாங்கின புதிதில் அதில்தான் பழனிக்குப் போயிருக்கிறார்கள், எண்ணெய் டின்களுக்கு நடுவில் பாய் விரித்து. புடவையிலிருந்து எண்ணெய் வாசம் போக ஒரு வாரமாயிற்றாம்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் யோசித்தேன். பிறகு மேஸ்திரியிடம், எங்கள் பழைய கவுலை ஓட்டுவதற்கு இல்லாமல் பார்வைக்கு நிற்கிற அளவுக்கு ஒட்டித் தர முடியுமா என்று கேட்டேன். நிற்கிற வண்டிக்கு என்றால் முடியும் என்றார். வெளிப்புறம் கம்பி வலையும் தகடுமாக ஒட்டி, பட்டி போட்டு, ஆமாம், நான் ஏமாந்த அதே பட்டி, ஆத்தாவின் லாரியின் பச்சை நிறத்தையே அடித்தார். உள்பக்கம் கால் தகட்டு ஓட்டையை அடைக்கவில்லை. அது யார் கண்ணிலும் படாது என்றார். மறுபடி காங்கயம் போய், முகத்துக்கு முகம் மாற்றிக்கொள்ளலாமா என்று ஆத்தாவிடம் கேட்டேன். அது பொய் முகம் என்பதையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"உங்கப்பாரு ஓட்டுன வண்டிதானே?"

"ஆமாங்க ஆத்தா."

"அப்பச் சரி. கொண்டாந்து வெய்யி."

விலை பேச்சு மகனோடு நடந்தது. அதை எழுதுவதில் சுவாரசியமில்லை. என் மனைவி இதைப் படிப்பாள் என்பது இன்னொரு காரணம்.

கழற்றிய நாள் மறக்காது. எங்கள் வண்டியிலிருந்து பழைய கவுலைக் கழற்ற மூன்று நாள் ஆகியிருந்தது. ஒவ்வொரு போல்ட்டும் நட்டும் ஒரே கட்டியாகத் துருவேறிக் கிடந்தன. டீசலில் ஊறப் போட்டு, கேஸ் வைத்துச் சூடேற்றி, கடைசியில் பாதியை அறுத்தே எடுத்தோம். காங்கயத்தில் மேஸ்திரி முதல் நட்டில் ஸ்பேனரை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். அசைந்தது. அடுத்த சுற்றுக்கு ஸ்பேனரை எடுத்துவிட்டு விரலால் சுற்றினார். நாற்பத்து நாலு வருடத்து நட்டு, சோப்புப் பெட்டி மூடி மாதிரி சுற்றிக்கொண்டு வந்தது. மேஸ்திரி அதை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார், பிறந்த குழந்தையை நீட்டுவது போல. ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கவுல் தரையில் இருந்தது.

பிசுக்கு எப்படிப் போகும் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு ஆத்தா திண்ணையிலிருந்தே சொன்னார்: "அரப்புப் போட்டுத் தேய்ங்க சாமி, எண்ணெ தேய்ச்சுக் குளிக்கறவங்க அப்படித்தானே பண்றது." சிரித்தோம். வீட்டுக்கு வந்து சோடாக்காரத்தை வெந்நீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு இரண்டு நாள் தேய்த்தோம். கடைசிக் கைக்கு, யாருக்கும் தெரியாமல், ஒரு பிடி அரப்பும் போட்டேன். சும்மா ஒரு இதுக்கு.

கவுலைக் குட்டியானை வண்டியில் ஏற்றி ஈரோடு வழியாகக் கொண்டுவந்தபோது சிக்னலில் நின்ற ஒரு பெட்ரோல் லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, "எங்கீங் புடிச்சீங்க?" என்று கேட்டார். அதைவிட நல்ல பாராட்டை நான் எந்த மேடையிலும் வாங்கியதில்லை. பொருத்தும்போது இரண்டு போல்ட் துளை அரை அங்குலம் தள்ளியிருந்தது. துளை போட்ட இடத்தில் வெளிச்சத்துக்கு வந்த பச்சை இரும்பைத் தொட மேஸ்திரி யாரையும் விடவில்லை. விரல் வியர்வையிலும் உப்பு இருக்கிறது என்றார். அந்த நிமிடமே பிரைமர் தடவினார். நான் பலகையில் எழுதுவதை அவர் கையில் வைத்திருந்தார்.

முகப்பு ஜாலியில் எங்கள் நட்சத்திரத்தையே மாட்டினேன். 1971ஆம் வருடத்து முகத்தில் 1968ஆம் வருடத்துப் பொட்டு. பழைய வண்டிப் பிரியர்கள் சிலருக்கு இதில் வருத்தம், அசல் இல்லையாம். அரசாங்கத்துக்கும் அப்படி ஒரு கருத்து உண்டு. 2021இல் ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கென்று தனிப் பதிவு விதி கொண்டுவந்தார்கள். எடுத்துப் படித்தால் அது இருசக்கர வண்டிக்கும் காருக்கும்தான். சேஸ், உடற்கூடு, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது என்றும் நிபந்தனை. லாரிக்கு அதில் இடமே இல்லை. ராஜா ஏறிய கார் பழம்பொருளாகும், ஊருக்கே உப்புக் கொண்டுவந்த லாரி ஆகாது என்றால் அதை எழுதியவர்கள் உப்பில்லாமல் சாப்பிடுகிறார்களா என்று எனக்குச் சந்தேகம். போகட்டும். எங்கள் காட்டுக்குள் ஓட்டிக்கொள்கிறேன்.

முதல் முறை ஓட்ட டிரைவர் அண்ணனைத்தான் கூப்பிட்டேன். அப்பாவோடு பதினெட்டு வருடம் ஓட்டியவர். இப்போது எழுபத்தாறு வயது, ஒரு கண்ணில் ஆபரேஷன். வந்ததும் சக்கரத்தைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏறி உட்கார்ந்தார். ஸ்டார்ட் ஆனதும் காதைச் சாய்த்துக் கேட்டார், தலையை ஆட்டினார். கிளட்சை மிதித்து கியர் போட்டு, காலை எடுத்தார். எடுத்த இடதுகாலைத் தகட்டில் வைக்காமல் உள்பக்கமாக இழுத்து, சீட்டின் அடியில், ஒடுக்கமான ஓர் இடத்தில் வைத்துக்கொண்டார். அடுத்த கியருக்கும் அப்படியே. வரப்பு முனைவரை போய்த் திரும்பும்வரை அந்தக் கால் ஒருமுறைகூட நல்ல தகட்டில் இறங்கவில்லை.

"அண்ணா, காலைத் தாராளமா வைக்கலாம். அங்க ஓட்டை இல்லீங்க இப்ப."

குனிந்து பார்த்தார். பெருவிரலால் தகட்டை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார்.

"அட, எங்கீங் போச்சு அது?"

காங்கயத்தில் இருக்கிறது என்றேன். ஆத்தா முந்தின வாரம்தான் போன் செய்திருந்தார். கொட்டகை லாரிக்குள் ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறதாம், கதவு சாத்தியிருந்தும் எப்படிப் போகிறது வருகிறது என்று இரண்டு நாள் தெரியவில்லையாம். பெடல் பக்கத்து ஓட்டை வழியாகத்தான் போகிறது என்று பேரன் கண்டுபிடித்தானாம்.

டிரைவர் அண்ணன் எஞ்சினை அணைத்தார். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"கோழி நுழையற அளவுக்கா பெருசாயிருச்சு?" என்றார். பிறகு, "ஞாயித்துக்கெழமை ஒரு எட்டுப் போயிட்டு வரலாமுங்களா தம்பி?"